ஊருக்கு அனுப்பிய வீடியோ

மண்ணூரில் ஒரு மாடி அறையில் தங்கி, ஆலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தயாரிப்பாளர் கிடையாது. கேமரா, ஒலி, எடிட்டிங் எல்லாம் நானே. கேள்வி கேட்க ஆள் இல்லாத வேலை என்பதால் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் போட்டிருக்கிறேன். விடிவதற்குள் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். எடுத்ததை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். ‘இன்னொரு தடவை செய்யுங்க’ என்று யாரிடமும் கேட்கவே கூடாது.

இந்த வைராக்கியத்துக்கெல்லாம் சோறு போடுவது கம்பெனிகளுக்கு எடுத்துத் தரும் விளம்பர வீடியோக்கள்தான். அதை யாரிடமும் சொல்வதில்லை. வீட்டுக்கார அம்மா, "இன்னாம்மா, இவ்ளோ பெரிய பைய தூக்கினு எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டால், "ஒரு வேலையா" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் அப்படி ஒரு வேலை வந்தது. புதிதாக ஆள் எடுப்பதற்கான வீடியோ. ஹெச்.ஆர். அதிகாரி, தைரியமாகப் பேசக்கூடிய பெண்களாகப் பார்த்து ஒவ்வொருவராக அனுப்பினார். அவர்களில் ஒருத்தி வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் படத்தில் வருகிறவள். தென்காசிப் பக்கத்துப் பெண். பென்னலூரில் தோழிகளோடு ஒரே அறையில் இருக்கிறாள். அந்த வாரம்தான் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் அவளை இந்த ஆலைக்கு மாற்றியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீங்கிய பாதத்தை நீவிக்கொண்டே, "நின்னு நின்னு காலு மரத்துப் போவுதுக்கா" என்று இதே கேமராவிடம் சொல்லியிருந்தாள்.

என்னைக் கண்டதும் அவள் கண் ஒரு கணம் தடுமாறியது. பிறகு, "வணக்கம் மேடம்" என்றாள்.

"இந்தக் கம்பெனி எனக்கு ரெண்டாவது வீடு மாதிரி" என்பது அவளுக்குத் தந்திருந்த வசனம். பிசகாமல் சொன்னாள். அதிகாரிக்குப் போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் சிரிச்சுக்கினே சொல்லட்டும். நீங்க சொல்லுங்க மேடம்."

"இன்னொரு தடவை" என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னாள். "சொந்தக்காரங்களயும் கூப்புடுற மாதிரி ஒண்ணு சேத்துக்கலாமே" என்றார் அதிகாரி. அவள் யோசிக்கவே இல்லை. "என் தங்கச்சியையும் இங்கதான் சேக்கப்போறேன்" என்றாள். நான் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்கப் பென்னலூர் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "வாங்கக்கா! என் மூஞ்சி நல்லா வந்திருக்கா? அந்த வீடியோவ எனக்கு அனுப்புவீங்களா, எங்கம்மாக்குக் காட்டணும்" என்றாள்.

"அதுல சொன்னது எதுவும் நெசமில்லையே."

"நெசத்தச் சொன்னா அழுதுகிட்டே கெடக்கும்க்கா. இதப் பாத்தா நிம்மதியாத் தூங்கும்லா?"

வேண்டுமானால் இப்போதே, இந்த அறையிலேயே, அவள் விருப்பப்படி வேறொன்று எடுத்துத் தருவதாகச் சொன்னேன். சுற்றிலும் பார்த்தாள். கொடியில் தொங்கிய ஈரத்துணி, மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். "இங்க எடுத்தா ரூம் தெரிஞ்சிரும்லாக்கா" என்றாள்.

எடுத்த எதையும் வெளியே தரக்கூடாது என்பது கம்பெனியோடு பேச்சு. இருந்தும் அவள் பேசிய பகுதியை மட்டும் வெட்டி அவளுக்கு அனுப்பினேன். மன்னிப்புக்குப் பதிலாக அதைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

சில நாள் கழித்துப் போன் செய்தாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "அம்மா தெருவுல எல்லார்க்கும் காட்டிருக்குக்கா. இம்புட்டு நல்ல எடமா, தங்கச்சியயும் கூட்டிக்கோங்குது. ஆள் எடுக்கலன்னு சொல்லிப் பாத்தேன். நீதானடி வீடியோல சேக்கப்போறேன்னு சொன்னன்னு கேக்குது."



போன வாரம் தங்கை வந்து சேர்ந்தாள். பிளஸ் டூ முடித்த பெண். நான் அறைக்குப் போனபோது பையிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் போலவே சிரிப்பு.

"நீங்கதான அந்த வீடியோ எடுத்தது? ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.

"ஆமா" என்றேன். அக்கா பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெளியே எழுந்து போனாள். அன்று கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே எனக்குக் கை வரவில்லை.