மோட்டார் சைக்கிளில் வட்டிலப்பம் கொண்டுபோகும் முறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பஸ்ஸில் போக மாட்டேன். கொழுப்பு என்று நினைக்க வேண்டாம், என்னால் ஏலாது. கண்டக்குழியில் ஏறினால் பாலாவிச் சந்தி வருவதற்குள் குடலைக் கக்கிவிடுவேன். வானும் காரும் அப்படித்தான். தேசிக்காய் மணந்து பார்த்தேன், இஞ்சி சப்பிப் பார்த்தேன், முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதியும் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கண்டக்டர்மாருக்கு என்னைக் கண்டாலே முகம் மாறத் தொடங்கியது.

காற்று முகத்தில் அடித்தால் மட்டும் எனக்கு ஒன்றும் செய்யாது. மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏற்றி, உலகத்தின் எந்த மூலைக்குக் கூட்டிப்போனாலும் கல்லுப்போல இருப்பேன். அதனால்தான் அல்லாஹ் எனக்கு இந்த மனிசனை எழுதி வைத்தான் போல.

என் வீட்டுக்காரருக்குத் தொழில் படகு இஞ்சின் திருத்துவது. சண்டை முடிந்து ஆலங்குடாப் பக்கம் காற்றாடி கட்டிக் கடலில் பாயும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். அதில் ஒருவன் மோட்டார் சைக்கிளிலேயே இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவனுடைய காபரேட்டரை இவர் கழுவிக் கொடுத்தார். அவன் போகும்போது பழைய தோல் கையுறை ஒரு சோடியையும் தன் பைத்தியத்தையும் இவரிடம் விட்டுப் போய்விட்டான். கையுறை ஒரு வருசத்தில் கிழிந்தது. பைத்தியம் இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் வேறு கதையே இல்லை. எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்குச் செயின் துருப்பிடிக்கும், ஆகவே வெளிக்கிடுவதற்கு முதல் நாள் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து ஒயில் போட வேண்டும். சாமான் கட்டக் கயிறு வேண்டாம், பழைய டியூப்பை நீளமாக வெட்டிய ரப்பர் பட்டிதான் வழுக்காமல் பிடிக்கும். மழைக் கோட்டை மழை வந்த பிறகு தேடக் கூடாது, மேகத்தைக் கண்டதும் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் மூன்று சொல். அதை அவர் தொழுகைக்கு நிய்யத்து வைப்பது போலச் சொல்லுவார்.

"பாரம் கீழ இரிக்கணும், நடுவுல இரிக்கணும், அசையக் கூடாது."

நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு மீன் வெட்டுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து ராத்தா போன் எடுத்தாள். எனக்கு ஒரே ஒரு ராத்தா. நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போது ஊரை விட்டுப் போகச் சொன்னபோது மற்ற முஸ்லிம்கள் எல்லோரையும் போல யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்கள். சண்டை முடிந்ததும் ராத்தாவும் மச்சானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். நான் கண்டக்குழியில் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்க இரண்டு தரம் வந்து போனாள். நான் ஒரு தரமும் போகவில்லை.

"மகளுக்கு நிக்காஹ் வச்சிரிக்கு," என்றாள். "நீ வருவியா, இல்ல வாந்திக் கதை சொல்லப் போறியா?"

"வருவேன்."

"வராட்டி எனக்குத் தங்கச்சி இல்லண்டு நெனச்சிக்குவேன். வட்டிலப்பம் ஒன்ட கையால வரணும், சொல்லிட்டேன்."

இது சும்மா கதை இல்லை. எங்கள் குடும்பத்தில் நிக்காஹ் முடிந்து புதுமாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்ததும் முதல் கரண்டி வட்டிலப்பம் பெண்ணின் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கச்சி, கையால்தான் கொடுக்க வேண்டும். சாச்சி உயிரோடு இருந்தும் அது வராவிட்டால் அக்கா, தங்கச்சி குடும்பங்களுக்கு நடுவில் ஏதோ கோபம் என்று வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முதலே கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறேன் என்று ராத்தாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று அழுவாள்.

"அங்க போய் அவிச்சா என்ன?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் கலியாண வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போய், அவர்களுடைய சட்டியில் அவர்களுடைய கருப்பட்டியைப் போட்டு அவித்து, இது நான் கொண்டுவந்த வட்டிலப்பம் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் கெட்ட வேலை. கொண்டுபோவது என்றால் கொண்டுபோக வேண்டும்.

"அப்ப அது எங்க இரிக்கும்?"

"என்ட மடியில."

அவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார். கீழேயும் இல்லை, நடுவிலும் இல்லை, அசையாமலும் இருக்காது. போய் ரப்பர் பட்டி வெட்டத் தொடங்கினார்.

முதல் நாள் பின்னேரம் அவித்தேன். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் மரத்துக் கருப்பட்டி, ஏலக்காய், சாதிக்காய், மேலே கஜு. அலுமினியச் சட்டியை மூடி, விளிம்பில் கோதுமை மா பிசைந்து ஒட்டி, துவாயால் கட்டினேன். உடுப்பை வைக்க இடம் போதாமல் அவருடைய மாற்றுச் சாமான் பையைத் திறக்கப் போனேன். டியூப், பிளக், கிளட்ச் கேபிள் எல்லாம் அதில்தான் இருக்கும். பை வழமையை விடப் பருத்திருந்தது.

"அதுல கை வைக்காத!" என்று பாய்ந்தார். "மாத்துச் சாமான் இல்லாம நான் வெளிக்கிட மாட்டேன்."

சரி, உங்கள் பிளக்கை நீங்களே கட்டிப் பிடித்துக்கொண்டு படுங்கள் என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். அபாயாவோடு ஏறும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே காற்சட்டை போடுங்கள், கீழ் விளிம்பைச் சுருட்டித் தொடைக்கடியில் வைத்துச் சட்டை ஊசி குத்துங்கள், முக்காட்டு நுனியை ஜக்கெட்டுக்குள் விடுங்கள். செயின் பல்லுக்குத் துணி என்றால் கொள்ளை ஆசை. சீட்டில் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டேன். அதைப் பார்த்துச் சிரித்தவர் நொச்சியாகமத்தில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் போர்வைல பாதி தா," என்றார். தந்தேனா? தரவில்லை.

அங்கே தேத்தண்ணிக் கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. வழியில் தூறியதால் சட்டிக்கு மேலால் மழைக் கோட்டைப் போட்டிருந்தேன். கடைக்காரப் பெண் என்னைக் கண்டதும் ஓடிவந்து கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏசத் தொடங்கினாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை இப்படி ஏற்றிக்கொண்டு வருகிறாயே, நீ மனிசனா, ஆஸ்பத்திரி உனக்குக் கிட்டவா இருக்கிறது? அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, "அதை அவரிடமே கேளுங்கள் அக்கா, நான் சொன்னால் கேட்பதில்லை," என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டேன். எனக்கு இஞ்சித் தேத்தண்ணி கிடைத்தது. அவருக்கு முறைப்புத்தான் கிடைத்தது. சோற்றைத் தின்றுவிட்டு ஓட்டினால் நித்திரை தூக்கும் என்பது அவருடைய சட்டம், ஆகவே ஆளுக்கு ஒரு பணிசும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். சட்டியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வவுனியா தாண்டிய பிறகு சோதனைச் சாவடி. இளம் சிப்பாய் ஒருவன் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, மழைக் கோட்டுக்குள் என்ன என்று கேட்டான். கோட்டை விலக்கிக் காட்டினேன். துவாயால் இறுக்கிக் கட்டிய சட்டியைக் கண்டதும் அவன் ஓர் அடி பின்னுக்குப் போனான்.

"வட்டிலப்பம், மல்லி," என்று சிங்களத்தில் தம்பி போட்டுச் சொன்னேன். "கலியாண வீட்டுக்கு."

திறக்கச் சொன்னான். மாவை உடைத்துத் திறந்தேன். மணம் வந்ததும் அவன் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாகிவிட்டது. முன்னால் கிடங்கும் குழியும்தான் அக்கா, மெல்லமாகப் போகச் சொல்லுங்கள் என்று அனுப்பினான்.

மூடியைத் திரும்பக் கட்டிவிட்டு, ஏறாமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே வீதியால் நான் முன்பு ஒரு தரம் வந்திருக்கிறேன், தெற்குப் பக்கமாக. ஊரை விட்டு எல்லோரும் வந்த அந்த நாளில், ஒரு லொறியின் பின்னுக்கு, ஆட்களுக்குள் நெரிபட்டு. எனக்கு வாந்தி வந்தது. உம்மாவுக்கு மடியில் குழந்தை. ஒதுங்க ஓர் அங்குலம் இடமில்லை. ராத்தாவும் சின்னப்பெண்தான். அவள் தலையில் இருந்த முக்காட்டை இழுத்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். வவுனியா வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள். ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் சுளிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த வாந்திதான், மூடிய வண்டியில் ஏறினால் இன்னும் வருகிறது.

"என்ன புள்ள, களைப்பா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இல்ல. ஓடுங்க."

மாங்குளத்துக்கு அப்பால் வீதி வேலை நடந்துகொண்டிருந்தது. தாரைக் கிளறி எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் போட்டிருந்தார்கள். நான் கால் இரண்டையும் இறுக்கி, சட்டியை அவர் முதுகோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். கலியாணம் முடித்த புதிதில்கூட அவரை அப்படிப் பிடித்ததில்லை. என்ன பிரயோசனம்? மாவு இல்லாத மூடி அது. ஆனையிறவுக்குக் கிட்ட வரும்போது முழங்காலில் ஏதோ பிசுபிசுவென்று வழிந்தது. பாகு. பிறகு வந்த ஈயெல்லாம் யாழ்ப்பாணம் வரைக்கும் எங்களோடுதான் வந்தது.

பின்னேரம் அஸர் நேரம் ராத்தாவின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றோம். அவள் கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் பிளாஸ்டிக் பேசின். மற்றக் கையில் பாதியாக வெட்டிய தேசிக்காய்.

ஹெல்மட்டைக் கழற்றும்வரை அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"யா அல்லாஹ்! இதுலயாடி வந்தாய்?"

"ஓம்."

"வாந்தி?"

"ஒன்டுமில்ல."

அவள் பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் சட்டியைத் திறந்தேன். உள்ளே வட்டிலப்பம் இல்லை. சொதி இருந்தது. தண்ணியாய்ப் பிரிந்த பாகுக்குள் முட்டைத் துண்டுகளும் கஜுவும் மிதந்தன. அப்படியே புழுதியில் குந்தி ஓவென்று அழுதுவிட்டேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு வந்து, கொண்டுவந்த லட்சணம் இதா?

ராத்தா சட்டியை வாங்கி, உள்ளதை மெல்லமாகப் பேசினுக்குள் ஊற்றினாள். எனக்கென்று கொண்டுவந்த பேசின். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"ருசி பிழையில்ல," என்றாள். பிறகு அவளும் அழுதாள்.

வீட்டுக்காரர் இந்த அழுகைக்குள் தலையிடவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்து, மாற்றுச் சாமான் பையைத் திறந்து, டியூப்பை எடுத்தார், கேபிளை எடுத்தார், பிளக்கை எடுத்தார். கடைசியாக ஒரு ஷொப்பிங் பேக்கை எடுத்து என் மடியில் வைத்தார். கித்துள் கருப்பட்டி. ஏலக்காயும் சாதிக்காயும் கடதாசியில் சுற்றி ஒரு பக்கம்.

"முட்டையும் தேங்காயும் இங்க கெடைக்கும்," என்றார். "இது கெடைக்குமோண்டு தெரியல்ல. மடியில வச்சது வந்து சேராதெண்டு மட்டும் தெரியும்."

"அத அங்கயே சொன்னா என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு நானும் ராத்தாவும் ஒரே அடுப்பில் நின்று அவித்தோம். உடைந்ததைப் பிள்ளைகள் பேசினோடு வழித்துத் தின்றார்கள். அடுத்த நாள் புதுமாப்பிள்ளை என் கையால் முதல் கரண்டியை வாங்கி, மரியாதைக்குக் கண்ணை மூடிச் சாப்பிட்டார். பையின் ஒயில் மணம் ஒரு சொட்டு இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். நல்ல பிள்ளை, சொல்லவில்லை.

திரும்பும் நாள் ராத்தா அந்தப் பேசினைக் கொண்டுவந்தாள். நிறையப் பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும் போட்டு, மேலே துணி கட்டியிருந்தாள்.

"ஏனத்த நீயே கொண்டுவந்து தரணும்," என்றாள். "ஆள்ட்டக் குடுத்து அனுப்பினா நான் எடுக்க மாட்டேன்."

எங்களுக்குள் ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அடுத்த தரம் அதில் நான் எதையாவது போட்டுக்கொண்டு வர வேண்டும். அவளும் திரும்ப எதையாவது போட்டுத் தருவாள். இதற்கு ஒரு முடிவே வராது, அது அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் பேசினைப் பார்த்தார். சைக்கிளில் இடமே இல்லை. இப்போது அந்த மூன்று சொல்லும் வரும் என்று காத்திருந்தேன். அவர் தன் மாற்றுச் சாமான் பையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அது இருந்த இடத்தில் பேசினை வைத்து, ரப்பர் பட்டியால் கட்டினார். கீழே, நடுவிலே, அசையாமல்.