விருந்தாளிக்கு வெட்டிய பன்றி

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் நான் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலையில், ஆஸ்பத்திரித் துணி மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே நிற்பவள் தாய்லாந்தின் வடக்கு மலையிலிருந்து வந்தவள். ஆக்கா என்னும் மலைக்குடியைச் சேர்ந்தவள். ஒரு டேனிஷ்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். எங்கள் இருவருக்கும் பொது மொழி உடைந்த டேனிஷ்தான். அதை வைத்தே எல்லாம் கதைத்துவிடுவோம்.

அவள் வாயைத் திறந்தால் ஊர்க்கதைதான். விடியுமுன் எழும்பி நெல்லுக் குத்துவது, நெற்றியில் பட்டி மாட்டிக் கூடை சுமந்து மலைச்சரிவு வயலுக்கு ஏறுவது, முதுகு முறியக் களை பிடுங்குவது, சோறும் இடித்த மிளகாயும் தின்பது. மழை பிந்தினால் அந்தச் சோறும் இல்லை. இதில் அழகு ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை தாயோடு தொலைபேசியில் பேசும்போது, மரக்கால்களில் நிற்கும் வீட்டுக்குக் கீழே கட்டியிருக்கும் பெண் பன்றியைத்தான் முதலில் சுகம் விசாரிப்பாள். இவள் அனுப்பும் காசு தாயின் மருந்துக்கே சரி. அந்தப் பன்றி போடும் குட்டிகளை விற்றுத்தான் தமக்கையின் மகள் கீழே பட்டணத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையாவது களை பிடுங்காமல் இருக்கட்டும் என்பது இவளுடைய ஒரே ஆசை.

போன மாரியில் எங்கள் மேலாளர் மனைவியோடு தாய்லாந்துக்குப் புறப்பட்டார். ஹோட்டல் அலுத்துவிட்டதாம், உண்மையான மனிதர்களைப் பார்க்க வேண்டுமாம். இவளும் வெள்ளை மனசோடு, தாய் வீட்டிலேயே தங்கச் சொன்னாள். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டாள். கன்டீனில் வைத்து, நான் பக்கத்தில் இருக்கத்தான் கேட்டாள்.

"எங்கட ஊர் வாசலில ரெண்டு மரத்தூண் நட்டு ஒரு படலை நிக்குது. கெட்ட ஆவியள் உள்ள வராமல் அதுதான் காக்கிறது. அதில மட்டும் கை வைக்காதேங்கோ."

"யா, யா" என்றபடி மேலாளர் கோப்பியைக் குடித்தார்.

திரும்பி வந்து இரண்டு மாதம் போனபின் ஒரு மத்தியானம் கன்டீன் சுவரில் படம் காட்டினார். "ஏழையள்தான், ஆனா என்ன சந்தோஷம்!" என்றுதான் தொடங்கினார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் ஏறிப் பார்த்திருந்தால் சந்தோஷம் எது என்று தெரிந்திருக்கும். அடுத்த படத்தில் மனிதர் அந்தப் படலையின் தூணைக் கட்டிப்பிடித்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். யாரோ சப்பாத்தோடு கோயில் மூலஸ்தானத்துக்குள் ஏறியதுபோல இருந்தது எனக்கு. இவள் முகத்தில் இரத்தமே இல்லை. அதற்கடுத்தது விருந்துப் படம், தட்டு நிறைய இறைச்சி.

"எங்களுக்காக ஒரு பெரிய பண்டியையே வெட்டினவை! அவ்வளவு வறுமையிலயும் என்ன ஒரு மனசு!"

கன்டீன் கை தட்டியது. நல்லவேளை என் கையில் கோப்பிக் கோப்பை இருக்கவில்லை.

அவள் எழும்பி வெளியே போய்த் தாயை அழைத்தாள். மேசைக்குத் திரும்பி வந்துதான் எனக்குச் சொன்னாள். படலையைத் தொட்டுவிட்டால் தீட்டு. பன்றி வெட்டித்தான் அதைக் கழிக்க வேண்டும். தொட்டவன் யாருடைய விருந்தாளியோ அந்த வீடுதான் பன்றி கொடுக்க வேண்டும். தாயிடம் இருந்தது அந்த ஒன்றுதான். மகளின் வேலைக்குப் பங்கம் வந்துவிடும் என்று பயந்து, விருந்தாளியிடமும் வாய் திறக்காமல், ஒவ்வொரு ஞாயிறும் 'பன்றி சுகம்' என்றே மகளிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தமக்கையின் பிள்ளை எப்போதோ விடுதியை விட்டு வந்துவிட்டாளாம். இப்போது வயலில் நிற்கிறாளாம்.

அன்றிரவு என் கணவரிடம் சொல்லிக் கொதித்தேன். "உனக்கேன் வீண் வம்பு? அந்தாளோட கொழுவாதை" என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அடுத்த நாள் காலையில் நேரே மேலாளரின் அறைக்குப் போய், ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"ஆனா அவை சிரிச்சுக்கொண்டுதானே நிண்டவை?" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் முன்னால் வேறு எப்படி நிற்பார்கள்? ஒப்பாரி வைப்பார்களா? இதையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் எங்கள் மேசைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நம்பினேன். அவளுடைய தோளில் தட்டினார்.

"நல்ல சுவாரசியமான வழக்கம். வாற வருஷமும் போறம். அம்மாட்டைச் சொல்லி வை, என்ன?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாட்டை இனிப் பண்டி இல்லை."

"அதுக்கென்ன," என்று சிரித்தார் மேலாளர். "நாங்கள் கோழியும் சாப்பிடுவம்."