உப்புச்சாக்கு, பத்துப் பெட்டி

வைன் சுவைக்கக் கொடுக்கிற வேலையில் நாக்கைவிடக் காலும் வாயும்தான் அதிகம் உழைக்கும். நின்றபடியே சிரித்துப் பிழைக்கிற தோழர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மார்க்கம் நகரத்தில் இருக்கிற எங்கள் வைன் கடைக்கு முதல் தடவையாக நானே ஒரு வைனைத் தெரிந்தெடுத்தேன். ஒன்ராறியோ ஏரிக்கரையில், பனிக்காலத்தில் திராட்சைக் கொடிகளை மண்ணால் மூடிக் காப்பாற்றுகிற ஒரு குடும்பத்தின் சிவப்பு வைன். பெயரைத் தமிழில் சொன்னால் 'உப்புச்சாக்கு'. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் அந்தக் கரைக்காரர் படகில் போத்தல் கடத்தினார்களாம். ரோந்து வந்தால் போத்தல் மூட்டையோடு ஒரு மிதவையையும் உப்புச்சாக்கையும் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். உப்புப் பாரத்தில் எல்லாம் அடியில் போய்விடும்; உப்புக் கரைந்ததும் மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டும். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. முதலாளி அசையவில்லை. "சனிக்கிழமைக்குள்ளை பத்துப் பெட்டியும் போகவேணும். போகாட்டி இனி எல்லாம் நான்தான் தெரிஞ்செடுப்பன்."

வீதம் எவ்வளவு?

முதலில் வந்தவர் பக்கத்து ஊர் பிக்கரிங்கிலிருந்து வந்த ஒரு அங்கிள். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார்; அந்தப் பக்கம் அவருடைய விரல் தெரிந்தது. "குளிர் நாட்டுத் திராட்சை அங்கிள், நிறம் மெல்லிசாத்தான் இருக்கும், மிளகு வாசம் வரும்" என்று தொடங்கி, கடத்தல் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் லேபிளைத் திருப்பி, மதுசாரம் பன்னிரண்டு வீதம் என்பதைப் பார்த்தார்.

"பிள்ளை, கதை நல்ல ஸ்ட்ரோங். சாமான்தான் காணாது."

குடிபூரல் பரிசு

ஒரு அன்ரி சுவைக்காமலே ஒரு போத்தல் எடுத்தார், யாரோ புதுவீடு குடிபூரலுக்குக் கொடுக்க. எனக்குத் தலைகால் புரியவில்லை. குடிக்க முன் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கோ என்றேன்.

"உதை ஆர் திறக்கப்போகினம்? போன வருசம் நான் குடுத்த போத்தல் நாலு வீடு சுத்தி எனக்கே வந்திட்டுது!"

சீஸுக்குப் பதில்

சனிக்கிழமை மத்தியானம், இன்னும் ஏழு பெட்டி. அப்போது, முன்பு மன்னாரில் படகோட்டிய அண்ணை ஒருவர், பக்கத்துக் கடையில் வாங்கிய மீன் கட்லட் பையோடு வந்தார். வைனோடு கடிக்க நான் வைத்திருந்த சீஸ் துண்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, கட்லட்டில் ஒரு கடி, வைனில் ஒரு மிடறு. முகம் மலர்ந்தது. எனக்கும் ஒன்று தந்தார். அடடா! கட்லட்டின் உறைப்பும் வைனின் மிளகும் சேர்ந்து நாக்கில் கூத்தாடின. இதை ஏன் நான் யோசிக்கவில்லை?

பார்த்தவர்கள் கட்லட் வாங்க ஓடினார்கள். திரும்பி வந்தவர்களுக்கு நான் கதை சொல்ல, உப்பு எவ்வளவு நேரத்தில் கரையும் என்று யாரோ கேட்டார். அரை மணித்தியாலம் என்று அடித்துவிட்டேன். அண்ணை கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கூட்டமே அவர் பக்கம் திரும்பியது.

"கல்லுப்பெண்டால் மூண்டு மணித்தியாலம் பிடிக்கும், தங்கச்சி. எப்பிடித் தெரியுமெண்டு மட்டும் கேக்காதையுங்கோ."

கடை பூட்டும்போது ஒரு போத்தலும் மிச்சமில்லை, அடுத்த வைனையும் என்னையே தெரிந்தெடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. வைன் படித்துச் சான்றிதழ் வாங்கிய எனக்கு அதை விற்றுத் தந்தது என்னவோ மீன் கட்லட்டும், ஒரு மனிதர் சொல்லாமல் விட்ட கதையும்தான்.