அம்மா தேடிய இரைச்சல்

அம்மாவுக்கு வேலையிடத்தில் வைத்திருக்கும் பட்டப்பெயர் "காது". நான் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது. மற்றபடி ஆகாயத்திலிருந்து வரும் முனகல்கூட அதற்குத் தப்பாது.

ஊருக்கு வெளியே செயற்கைக்கோள்களோடு பேசும் நிலையம் ஒன்று இருக்கிறது. குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி நாலு ஆன்டெனா. பக்கத்தில் எங்கேயாவது ஒரு கெட்டுப்போன மிஷின் கத்த ஆரம்பித்தால் மேலேயிருந்து வரும் குரல் அமுங்கிப்போகும். கூரையில் கம்பி நட்ட வேனில், காதில் ஹெட்போனோடு சுற்றி, கத்துவது எது என்று பிடிப்பதுதான் அம்மாவின் வேலை. "நீ என்ன வேலை பாக்குறன்னு டீச்சர் கேட்டாங்க. வாட்ச்மேன்னு சொல்லிட்டேன்" என்றேன் ஒருநாள். "ஒன்பதாங்கிளாஸை ரெண்டு தடவை படிச்சதுக்கு சரியாத்தான் சொல்லியிருக்க" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆன்டெனா ஏணியிலிருந்து விழுந்ததில் அவளுடைய வலது மூட்டு போய்விட்டது. ஆபீசில் சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள். உண்மை தெரிந்தால் வேனிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்டாஃப் பஸ் நிற்கும் மெயின் ரோடு எங்கள் வீட்டிலிருந்து நல்ல கால் உள்ளவர்களுக்கே இருபது நிமிஷ நடை. ஆனால் பஸ் ஓட்டும் மாமா தினமும் எங்கள் வாசலுக்கே வந்துவிடுவார். மாமா என்றால் சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. வண்டி தும்மினால் சுவர் உதிரும் அளவுக்குக் குறுகலான சந்து. கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நுழைவார்.

மூன்று வாரமாக அம்மாவுக்கு ஒரு தலைவலி. தினமும் காலையில் எட்டு பத்து வாக்கில் நிலையத்துக் கடிகாரம் தடுமாறியது. அந்தக் கடிகாரம் செயற்கைக்கோள்களிடமிருந்துதான் நேரம் வாங்கிக்கொள்ளும். எவனோ அந்தச் சிக்னலை மறைக்கிறான். சரியாக அந்த நேரத்தில்தான் வானிலை பார்க்கும் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும். கடிகாரத்தை நம்ப முடியாவிட்டால் அந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற கணக்கையும் நம்ப முடியாது.

வேறு சமயமாக இருந்தால் சமாளித்திருப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பழைய ராக்கெட்டின் உடைந்த துண்டு ஒன்று அதன் பாதைக்குக் குறுக்கே வரவிருந்தது. ஒதுங்க வேண்டுமா, வேண்டாமா? ஒரு தடவை நகர்த்தத்தான் எரிபொருள் மிச்சம். வீணாக நகர்த்தினால் அடுத்த ஆபத்துக்கு ஒதுங்க வழியில்லை. சும்மா இருந்து மோதிவிட்டாலோ, கடலுக்குப் போகிறவர்களுக்குப் புயல் வருவதைச் சொல்ல ஆள் இல்லை. வியாழக்கிழமை காலை அளவு சுத்தமாகக் கிடைத்தால்தான் முடிவெடுக்க முடியும்.

அம்மா பஸ்ஸில் போய் இறங்கி, கையெழுத்துப் போட்டு, வேன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்குள் இரைச்சல் நின்றுவிடும். வெல்டிங் பட்டறைக்காரரை விசாரித்தாள். கோழிப்பண்ணை மின்வேலியை மூன்று தடவை சோதித்தாள். கடைசியில் கோழிகளே அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றதாகக் கேள்வி.

புதன்கிழமை சாயங்காலம் மூட்டில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசவே இல்லை. பேசாத அம்மாவை எனக்குப் பிடிக்காது. சிரிக்கட்டுமே என்று என் திருட்டுத்தனத்தை நானே அவிழ்த்துவிட்டேன். அவள் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரிகிற மாதிரி செய்து வைத்திருந்தேன். அவள் தெருமுனைக்கு வருவதற்குள் டிவியை அணைக்க வேண்டுமே.

"ஆனா மூணு வாரமா அது சரியில்லம்மா. காலையில பஸ் வந்ததும் உன் புள்ளி நம்ம வாசல்லயே செத்துப்போகுது. எட்டே காலுக்கு நிலையத்துல முளைக்குது. நடுவுல நீ எங்க போற, வானத்துலயா?"

அடி விழும் என்று நகர்ந்து உட்கார்ந்தேன். அவள், "சாயங்காலம்?" என்றாள்.

"அதே கதைதான். நீ கதவைத் தட்டும்போதுதான் உயிர் வருது. அதனாலதானே நேத்து மாட்டிக்கிட்டேன்."

"திங்கக்கிழமை?"

"அன்னைக்கு ஒழுங்கா இருந்துச்சு. மாமா லீவு, வேற டிரைவர்னு மெயின் ரோடு வரைக்கும் நடந்தியே."

அம்மா வெந்நீர்ப் பையைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமை மட்டும் நிலையத்தில் இரைச்சல் இல்லை. "ஊரெல்லாம் தேடினேன்டி" என்றாள். "அது மேலயே உக்காந்து வேலைக்குப் போயிருக்கேன்."

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். பஸ்ஸில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். அம்மா சீட்டில் உட்காரவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், போன் சார்ஜ் போடும் குழியில் கையை விட்டுக் கட்டைவிரல் அளவுள்ள ஒன்றை உருவினாள்.

"என்ன தம்பி இது?"

மாமா இன்ஜினை நிறுத்தினார். "முதலாளி வண்டி எங்க திரும்புதுன்னு வீட்ல இருந்தே பாக்குறாருக்கா. ரூட்டை விட்டு சந்துக்குள்ள ஏன் போறன்னு போன மாசம் கிழிச்சுட்டார். இதைச் சொருகினா அவருக்குத் தெரியாதுன்னு கடைக்காரன் குடுத்தான்."

"அவருக்கு மட்டுமா தெரியாம போச்சு? எங்க கடிகாரத்தையே குருடாக்கிட்ட. உன்னை யாரு சந்துக்குள்ள வரச் சொன்னா?"

மாமா அவள் காலைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் இருந்த நாலு பேரும் ஜன்னலுக்கு வெளியே எங்கள் சுவரை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்னலை அமுக்கும் அந்த ஜாமரை அம்மா கைக்குட்டையில் சுற்றினாள். "வண்டியை எடு. எட்டு பத்துக்கு முன்னாடி போகணும்."

"எழுதிக் குடுத்துருவீங்களாக்கா?"

"எழுதுவேன்."

தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்கு அளவு சுத்தமாகக் கிடைத்தது. துண்டு எட்டத்தில்தான் போகும், நகர்த்தத் தேவையில்லை என்று முடிவானது. வெள்ளிக்கிழமை அது போயும் விட்டது. அந்த எரிபொருள் மிச்சம்.

அறிக்கையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதினாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "காரணம்" என்று ஒரு சின்னக் கட்டம். அதில் இப்படி எழுதியிருந்தாள்: "ஓர் ஊழியர் தன் மூட்டு வலியை மறைத்து வந்தார். அவருக்காக ஓட்டுநர் பாதை மாறிச் சென்று, அதை மறைக்க ஜாமர் பொருத்தினார். அந்த ஊழியர் நான்."

"உன் காலைப் பத்தி யாரும்மா கேட்டாங்க?"

"அதை விட்டுட்டு எழுதினா, ஊர் சுத்துறதுக்காகச் செஞ்சான்னு ஆயிடும்."

"வேன்ல ஏத்த மாட்டாங்க."

"மாட்டாங்க" என்றாள். பேனாவை மூடினாள்.

மாமாவுக்கு ஒரு மாசம் வண்டி இல்லை. வேலை போகவில்லை, அந்தக் கட்டத்தில் இருந்த மூன்று வரியால்தான் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்களாம். அம்மா இப்போது நாற்காலியில். வேனில் போகிறவர்களுக்கு, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறாள். முதல் வாரம் முழுக்க எரிந்து விழுந்தாள். அந்த நாற்காலி நாசமாகப் போக என்று நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

காலையில் மெயின் ரோடு வரைக்கும் நானும் நடக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு இதுதான் குறுக்கு வழி என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. பையை நான் வாங்கிக்கொள்வேன், அவள் என் தோளில் கை வைத்துக்கொள்வாள். இருபது நிமிஷ நடை நாற்பது ஆகும்.

போன திங்கட்கிழமை மாமா திரும்பி வந்தார். ரூட் மாறவில்லை, எங்கள் சந்துப்பக்கம் திரும்பவில்லை. நிறுத்தத்துக்கு வந்த பஸ் உடனே நிற்காமல் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை நகர்ந்தது. கடைசியில் அதன் படி நடைபாதைக் கல்லை ஒட்டி வந்து நின்றது. அம்மா காலைத் தூக்காமலே உள்ளே போனாள்.