பாதியில் நின்ற பாட்டு

மாலை ஆறு நாற்பதுக்கு என் செல்போனில் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ அழைக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், பாட்டு நிற்கவில்லை, வேறோர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டியது. இடத்தின் பெயர்: ‘அத்தா கடை’.

அது எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகளும் என் மகளும் ஏனாத்தூர் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஒரே கல்லூரிப் பேருந்தில் போய் வருகிறார்கள். அந்தப் பெண் தன் அப்பாவை அத்தா என்பாள். கேட்டுக் கேட்டு என் மகளும் அவரை அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தாள். அத்தா இப்படிச் சொன்னார், அத்தா அப்படிச் சிரிக்க வைத்தார் என்று சாப்பிடும்போதெல்லாம் அவர் பேச்சுதான். எனக்குப் பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

அன்று பேருந்து வரும் நேரம் தாண்டியும் அவள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. ஆனால் பாட்டு ஓடுவது அவளுடைய கணக்கில். ஆகவே அவள் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நம்மிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் போனில் இருப்பதும் அவள் கணக்குதான். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாட்டு ஓடும்; அங்கே போட்டால் இங்கே நின்றுவிடும். பொங்கல் விடுமுறையில் போட்டுக் கொடுத்தாள். அதுவரை நான் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டவன். அதற்கும் முன்னால் கேசட். காஞ்சிபுரத்தில் பாட்டுப் பதிந்து தரும் கடையில், வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பேன். ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டு அடங்கும் என்று யோசித்துத்தான் எழுதுவது. அப்படியும் கடைசிப் பாட்டு முழுதாக ஏறாது, நாடா தீர்ந்துவிடும். ஒரு கேசட்டில், இரண்டாவது சரணம் தொடங்கி ஒரு வரி முடிவதற்குள் ‘டக்’கென்று நின்றுபோகும் பாட்டு ஒன்று உண்டு. என் மகள் குழந்தையாக இருந்தபோது அதை அந்த இடம்வரை பாடிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

இந்தப் பொங்கலுக்கு அவள்தான் மிச்சத்தைக் கண்டுபிடித்தாள். ஓடி வந்து இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, மறு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அந்த வரி முடிந்தது. அதன்பின் ஒரு புல்லாங்குழல், இன்னும் நான்கு வரிகள். இத்தனை வருடமாக நான் கேட்டிராத வரிகள். பிறகு அந்தப் பாட்டை முதலில் வைத்து, என் கேசட்டுகளில் இருந்ததையெல்லாம் தேடிச் சேர்த்து, ‘அப்பாவுக்கு’ என்று ஒரு தொகுப்பு போட்டுத் தந்தாள். அது எங்கள் இருவருடையது என்று நினைத்திருந்தேன்.

இப்போது பாத்திரக் கடையில் ஓடுவது அந்தத் தொகுப்புதான்.

போனைக் குடைந்தேன். அவள் பெயரைத் தொட்டால் ‘குடும்பம்’ என்று ஒரு பக்கம் திறந்தது: ஒருவர் பணம் கட்ட, வீட்டார் எல்லோரும் பாட்டுக் கேட்கிற திட்டம். தலைவர் இடத்தில் அந்தக் கடைக்காரர். கீழே அவர் மனைவி, மகன், மகள். கடைசியில் என் மகள். ஒரே முகவரியில் வசிப்பவர்கள் மட்டுமே சேரலாம் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. ஆக, அந்த வீட்டில் வசிப்பதாகச் சொல்லி அவள் சேர்ந்திருக்கிறாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் ஒரு கேசட்டின் தூசியைத் தட்டியிருப்பாரா? சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றியிருப்பாரா? ஒன்றும் சேர்க்காமல், ஒன்றுக்கும் காத்திருக்காமல், பாட்டும் அவருக்கு, பிள்ளையும் அவருக்கு.

என் மனைவி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். “கடை இன்னா காஞ்சிபுரத்துலயா கீது? ஒரு எட்டு போயி பாத்துக்கினு வாங்களேன்,” என்றாள். போக முடியவில்லை. என் மகள் இங்கே இருக்கிறாளா என்று அவர் கல்லாவுக்கு முன்னால் நின்று எப்படிக் கேட்பது?

போகாமல் நான் செய்தது வேறு. கடையில் அந்த முதல் பாட்டு எதுவரை வந்திருக்கிறது என்பது என் திரையில் நகர்ந்துகொண்டிருந்தது. நாடா தீரும் அந்த இடம் வரும்வரை விட்டேன். வந்ததும் அழுத்தி இங்கே இழுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அவர்கள் கேட்க வேண்டாம். சற்று நேரத்தில் அங்கிருந்து யாரோ திரும்ப எடுத்து, முதலிலிருந்து போட்டார்கள். மறுபடி அதே இடத்தில் பிடுங்கினேன். மறுபடி போட்டார்கள். வாத்தியார் வேலை பார்க்கிற மனிதன், பெண் வீடு வரவில்லை என்ற பயத்தில் ஒரு பாட்டை இழுத்துக்கொண்டு நின்றேன்.

நன்றாக இருட்டியபின் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கடைக்காரர்தான். பின்னால் புத்தகப் பையோடு என் மகள்.

கல்லூரிப் பேருந்து ராஜகுளத்துக்குப் பக்கத்தில் நின்றுபோய்விட்டதாம். பெண்கள் இருவரும் பேருந்து மாறி மாறி இப்போதுதான் பஜாரில் வந்து இறங்கினார்களாம். இருவர் போனிலும் சார்ஜ் இல்லை. அவள் கடையில் உட்கார்ந்திருக்கவே இல்லை. என்றைக்கோ கடை ஸ்பீக்கரில் அவள் இணைத்த கணக்கு அப்படியே இருந்திருக்கிறது. பிள்ளைகள் வரக் காணோமே என்று பஜாரைப் பார்த்தபடி, அந்த மனிதர் தனியாக என் பாட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவளை உள்ளே கூட விடாமல் முகவரியைப் பற்றிக் கேட்டேன். “அது ஆஃபர்ப்பா. எல்லாரும் அப்டித்தான் சேர்றாங்க,” என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. இதை எழுதும்போதும் அந்தச் சிறிய எழுத்து என் கண்ணில் உறுத்துகிறது. மனைவி அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து உள்ளே கூட்டிப் போனாள்.

அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“சார், எம் பொண்ணு எனக்கு இப்டி ஒண்ணும் போட்டுக் குடுத்ததில்ல. கேட்டா, உனக்கு இன்னா தெரியும் போ அத்தாங்குது. அதான் உங்களுதைப் போட்டுக்கினு கீறேன், கோச்சிக்காதீங்க. ஆனா இன்னிக்கி ஒரே பேஜாரு. அந்த மொதப் பாட்டு எத்தினி வாட்டி போட்டாலும் அதே எடத்துல வந்து நின்னுடுது. உங்க பாப்பாவைக் கேட்டா, அப்பாவையே கேளுங்கன்னு சிரிக்கிது. சொல்லுங்க சார், அதுக்கப்பால இன்னா வருது?”