வரிசையின் நடுவில் நின்றவள்

சகோதரிகளே, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று என்னைக் கேட்காத ஆசிரியர் எங்கள் பள்ளியில் கிடையாது. வகுப்புத் தலைவி, மேடைப் பேச்சு எல்லாமே எனக்கு வெகு தூரம். அப்படிப்பட்ட எனக்குத்தான் போன ரமலானில் சோதனை வந்தது. எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. தாம்பரத்தில் நான் ஆசைப்பட்ட பள்ளியில் உயிரியல் பிரிவுக்கு விண்ணப்பம் வாங்கினேன். அதில் கடைசிக் கேள்வி, நீங்கள் தலைமை தாங்கிய ஓர் அனுபவத்தை எழுதுக.

மூன்று நாள் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. கபடி அணிக்குத் தலைவி என்று பொய் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய்யா என்று வெட்கமாகிவிட்டது. பதினெட்டாம் நோன்பன்று அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தி அழுதேன். யா அல்லாஹ், என்னை வேறு பெண்ணாக மாற்று, இல்லையென்றால் எழுத ஒன்றைக் காட்டு என்று கேட்டேன். மறுநாள்தான் விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள்.

பொழிச்சலூரில் எங்கள் அடுக்ககப் பெண்கள் எங்கள் வீட்டு ஹாலில்தான் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழுவோம். எனக்குக் குர்ஆன் ஸூராக்கள் நிறைய மனப்பாடம் என்பதால் தொழ வைப்பது நான். அன்று தலைவலி, வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாடி வீட்டு நஸ்ரின் அக்கா என் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி இது? பன்னெண்டு பேரு ஒக்காந்துகினு கீறோம். நீ தொழ வைக்கலன்னா அவங்கவங்க வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். நீ தொழ வைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தராவீஹே கெடையாது, தெரியும்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்களுக்குத் தொழ வைப்பவள் ஆண் இமாம் போல முன்னால் நிற்பதில்லை. வரிசைக்கு நடுவில், மற்றவர்களோடு தோள் சேர்த்து நிற்பாள். முன்னால் நிற்காததால் அதைத் தலைமை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என்ன மக்கு நான்!

எழுந்து போய்த் தொழ வைத்தேன். பிறகு அதையே எழுதி அனுப்பினேன். நேர்காணலில் தலைமையாசிரியை கேட்டார்.

"முன்னாடி நிக்காம எப்படிம்மா லீட் பண்ணுவ?"

"என் குரலைக் கேட்டுத்தான் எல்லாரும் குனிவாங்க, நிமிருவாங்க மேடம். பக்கத்துல வயசானவங்களுக்கு மூச்சு வாங்கினா எனக்குக் கேக்கும், கொஞ்சம் மெதுவாப் போவேன். முன்னாடி நின்னா அது கேக்காது."

நான் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம். இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போதும் வகுப்பில் நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் தேவைப்பட்டால் கை தூக்குகிறேன். அன்று நான் கேட்ட இரண்டில் ஒன்றை என் ரப்பு தரவே இல்லை. அதற்குத்தான் இன்று அவனுக்கு அதிகம் நன்றி சொல்கிறேன். உங்கள் வீட்டில் பேசாத பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள், துஆச் செய்யுங்கள். அவளுக்கு என்ன கொடுத்திருக்கிறான் என்பதை அவனே காட்டுவான்.