இருபத்தாறு மிருகங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று காலை துவைக்க எடுத்த சட்டையின் வலது கை அட்டைபோல விறைத்துக் கிடந்தது. மைதாப் பசை. முகர்ந்து பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூக்கில் ஏறியது, கூடவே அன்றைய எரிச்சலும்.

என் மகள் ஜெபாவுக்கு நாலு வயது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்தவள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மூணாறு டவுனில் அவள் படிக்கும் நர்சரிக்குப் போனால் வாட்ச்மேன், “தாத்தா, வெளியவே நில்லுங்க” என்பார். நான் திருத்துவதில்லை. திருத்த வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

சனிக்கிழமை டீச்சரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏ முதல் இஸட் வரை எழுத்துக்கு ஒரு மிருகம் வெட்டிச் சார்ட்டில் ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லா அப்பா அம்மாக்கள் முன்னாலும் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பின்னாலேயே போனும் வந்தது. “ஜெபா இங்க ஒண்ணும் மிண்டறதில்ல, கேட்டோ. ஜூன்லேர்ந்து ஒரு வார்த்தை பேசல. திங்களாழ்ச்சயும் இப்படியே நின்னா யூகேஜிக்கு விட முடியாது.” எங்கள் டீச்சர் மலையாளி. எனக்காகத் தமிழில் சொல்லப் பார்த்தார். நான் “சரி” என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டில் அவள் வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, பசை காய்ச்சி உட்கார்ந்தோம். நான் முதலில் எழுத்துகளை வெட்டினேன். ‘ஓ’வை எடுத்துப் பார்த்தாள்.

“அப்பா, இது உடைஞ்சிருக்கு.”

“உடையல. அப்படித்தான் வெட்டணும்.”

“நடுவுல ஏன் ஒட்டிருக்கு? ஏ-யும் உடைஞ்சிருக்கு. பி-யும் உடைஞ்சிருக்கு. ஒனக்கு வெட்டவே தெரியல.”

அவள் சொன்னது சரிதான். நான் டீ பாக்டரியில் பேக்கிங் ரூம்காரன். பல வருஷம் தகட்டில் வெட்டிய அச்சை மூட்டைமேல் வைத்து மையைத் தேய்த்தவன். அந்த அச்சில் எழுத்தின் நடுத்துண்டு கழன்று விழாமலிருக்க அங்கங்கே ஒரு பட்டை விட்டு வெட்டியிருக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அப்படி உடைந்த எழுத்துதான். சார்ட்டுக்கும் அதையே வெட்டிவைத்திருக்கிறேன். பத்து எழுத்து வீணான பிறகுதான் எனக்கே உறைத்தது.

பாக்டரியில் சேரும்போது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் நாள் ரோலர் ஓடும் இரைச்சலுக்குள் நுழைந்ததும் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். மேலுதட்டைத் தடவினால் மேனேஜர் வருகிறார். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. ஆண்டவர் எனக்காகவே கட்டிவைத்த இடம் என்று நினைத்தேன்.

ஜெபாவிடம் எந்த ஜாடையும் செல்லவில்லை. யானைக்குத் தகராறு இல்லை. ஜீப்பில் போகும்போது பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் பார்த்த யானைக்கு ஒரு கொம்பு பாதிதான், ஆகவே ஒட்டிய கொம்பைப் பிய்த்துப் பாதியாக்கினாள். மீனுக்குச் சில்வர் ஓக் இலையைக் கவிழ்த்து ஒட்டினேன், வெள்ளியாக மின்னியது. அதை ஒத்துக்கொண்டாள். சிங்கத்தில் மாட்டிக்கொண்டோம்.

“நீ பாத்திருக்கியாப்பா?”

“இல்ல.”

“அம்மா?”

“அம்மாவும் இல்ல.”

“அப்ப வேணாம்.”

லெப்பர்ட் என்றால் சிறுத்தை, அதுவும் அதே எழுத்துதான் என்றேன். சம்மதித்தாள். அதையும் நீ பார்த்ததில்லையே என்றால், “அது தின்ன மாட்டப் பாத்தேன்ல” என்கிறாள்.

எக்ஸுக்குப் போனில் தேடியதில் எக்ஸ்-ரே மீன் என்று ஒன்று கிடைத்தது. எக்ஸ்-ரே என்றதும் ஓடிப்போய் பீரோவுக்கு அடியிலிருந்து அவள் அம்மாவின் எக்ஸ்-ரே பிலிமை இழுத்துவந்தாள். நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் மணி நாலாகியிருந்தது, இரண்டே எழுத்துதான் பாக்கி. வெட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி ரூபி கொழுந்து பறிப்பவள், பல வருஷமாக இடுப்புவலி. தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள் சார்ட்டைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“ஏங்க, என் இடுப்ப வெட்டியா மீனு செஞ்சிருக்கீங்க?”

“பழசுதானேட்டி.”

“இடுப்பும் பழசுதான். அதையும் ஒட்டிருங்க.”

கடைசியாக இஸட். வரிக்குதிரையை யாரும் பார்த்ததில்லை, அது தின்ற மாட்டையும் பார்த்ததில்லை. வேண்டாம் என்று வெட்டிவைத்த குதிரையைக் கசக்கிப் போட்டாள். நான் கத்திவிட்டேன். “இங்க இந்தப் பேச்சு பேசுறியே, ஸ்கூல்ல என்னட்டி கேடு ஒனக்கு?”

அவள் வாய் மூடிக்கொண்டது. கண் தரையில், இரண்டு கையும் பாவாடை ஓரத்தில். அந்த முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். டீச்சர் தினமும் பார்ப்பது இந்த முகம்தான் போலிருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் என் முறை வரும்போது நானும் அப்படித்தான் நிற்பேன் என்று ரூபி பலமுறை சொல்லியிருக்கிறாள். கசங்கிய குதிரையை ஜெபாவே நீவி ஒட்டினாள். சாப்பிடும்போதும் பேசவில்லை.

நான் படிக்கும்போது எங்கள் எஸ்டேட்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பத்து வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதைக் கூட்டினால் ஒரு பக்கம் தேறாது. ஆஜருக்கு என் பெயர் கூப்பிட்டால் பக்கத்தில் இருந்த ஞானராஜ் எனக்கும் சேர்த்து “உள்ளேன் ஐயா” சொல்வான். சார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அவன் அப்படித்தான்” என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார். திட்டியதில்லை, நிறுத்தி வைத்ததுமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறைந்து மூடிவிட்டார்கள். சார் இறந்துபோனார். பேக்கிங் ரூமிலும் எழுத்தை மெஷினே அடித்துவிடுகிறது. என்னை அவ்வப்போது சுற்றுலாக்காரர்களுக்குப் பாக்டரியைச் சுற்றிக்காட்டி விளக்கச் சொல்கிறார்கள். “அவன் அப்படித்தான்” என்று சொல்லி விட்டுவிட இப்போது யாருமில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நர்சரிக்குப் போனேன். ஜெபாவின் முறை வந்தது. சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாய் திறக்கவில்லை. டீச்சர் மூன்று தடவை கேட்டார். நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்று இருபத்தாறையும் சொன்னேன். ‘எச்’ எழுத்திலும் ‘கியூ’ எழுத்திலும் திக்கினேன். அவள் என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யூகேஜி விஷயம் பரீட்சை முடிந்து சொல்கிறேன் என்றார் டீச்சர். பன்னிரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.